ஒரே சேஸிஸ், வேறு பெர்மிட்

கூகுளும் ஆப்பிளும் இல்லாத ஒரு போனைத் தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம் ஊரில் காலம் தள்ள முடியுமா? டிப்ளமோ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். லினக்ஸ் அவர்களுக்குப் புதிதில்லை. அண்ணன்மாரும் அக்காமாரும் பள்ளியில் வாங்கிவந்த அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். லேப்டாப்பில் ஓடியது போனில் ஓடாதா என்று கேட்பது நியாயம்தான்.

ஓடும். ஆனால் ஓடுவது வேறு, அதை வைத்துக் குடித்தனம் நடத்துவது வேறு. டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எல்லோரும் இடறுகிற இடம். "என் போனே லினக்ஸ்தானே? ஆண்ட்ராய்டுக்கு அடியில் லினக்ஸ்தான் இருக்கிறதாமே?" என்பார்கள். இருக்கிறது, பொய்யில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்ட் போன்களின் அடியிலும் ஓடுகிறது. சிப், நினைவகம், திரை, பேட்டரி ஆகியவற்றை நேரடியாகக் கையாண்டு, மேலே இருக்கும் ஆப்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற அடிப்படை நிரல் அது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கெர்னல் ஒன்றாக இருந்தால் போனும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதில்.

எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை இருப்பதால் நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாடி கட்டாத வெறும் சேஸிஸை, தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வெட்டவெளியில் உட்கார்ந்தபடி ஓட்டுநர் ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி சேஸிஸ் மேலேயே பஸ் பாடி கட்டி ஓட்டிய காலம் நம் நாட்டில் நீண்ட காலம். எஞ்சின், கியர், அச்சு எல்லாம் ஒன்றுதான். ஆனால் லாரியில் ஏறி டிக்கெட் கேட்பார் யாரும் இல்லை. கெர்னல் அந்தச் சேஸிஸ். ஆண்ட்ராய்ட் அதன் மேல் கூகுள் கட்டிய ஒரு பாடி. டெபியன், உபுண்டு, ஆல்பைன் என்று கணினியில் நாம் அறிந்தவை, அதே சேஸிஸ் மேல் பலர் கூடிக் கட்டிய வேறு பாடிகள். ஒன்றுக்காகச் செய்த சீட்டும் கதவும் மற்றதில் பொருந்தாது. அதனால்தான் ஆண்ட்ராய்ட் ஆப் லினக்ஸ் போனில் அப்படியே ஓடாது.

பாடியோடு இன்னொன்றும் வருகிறது. ஆண்ட்ராய்டின் மூலநிரலில் பெரும்பகுதி யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. ஆனால் பிளே ஸ்டோரும், ஆப்களுக்கு அடியில் ஓசையில்லாமல் ஓடும் பிளே சர்வீஸஸும் மூடியவை. கேமராவையும் மோடத்தையும் இயக்கும் நிரல்துண்டுகளை சிப் செய்தவரும் போன் செய்தவரும் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். போனை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும், அதில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் உங்களுக்குத் தரப்படுவதில்லை. லினக்ஸ் போன் அந்த அதிகாரத்தை முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறது. இனி நாம் பார்க்கப்போகும் நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யை ஒட்டி உருவான பார்ஓஎஸ் இங்கே ஞாபகத்துக்கு வரும். 2023 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டபோது, ஆண்ட்ராய்டுக்கு மாற்றாக நம் சொந்த இயங்குதளம் வந்துவிட்டது என்று செய்திகள் வந்தன. அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, கூகுளின் சேவைகளை நீக்கி, முன்கூட்டியே திணிக்கும் ஆப்கள் இல்லாமல் அமைத்தது. இரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்காகச் செய்த பயனுள்ள வேலை. ஆனால் நம் கணக்கில் அதுவும் ஆண்ட்ராய்ட் பாடிதான், உள்ளே இருக்கைகளை மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் முழு லினக்ஸ் போன் எது? மூன்று வழிகள் உண்டு. லினக்ஸுக்காகவே செய்த போன்கள்: பைன்64 நிறுவனத்தின் பைன்போன், பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5. அடுத்தது, ஆண்ட்ராய்டாக விற்ற பழைய போனில் அதைத் துடைத்துவிட்டு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஏற்றுவது. 2017இல் தொடங்கிய இந்தத் திட்டம், சொல்லப்போனால், கிழடாகிவிட்ட போன்களுக்கு ஆயுள் கூட்டுவதற்காகவே வந்தது. மூன்றாவது உபுண்டு டச். கெனானிக்கல் நிறுவனம் 2013இல் அறிவித்து 2017இல் கைவிட்டதை, யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்து இன்றுவரை நடத்துகிறது. பெரும்பாலான போன்களில் உபுண்டு டச், அந்தப் போனின் ஆண்ட்ராய்ட் கெர்னலையும் டிரைவர்களையும் அடியில் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஏறி உட்காருகிறது. அதனால் கேமரா முதலியவை நன்றாக வேலை செய்யும், ஆனால் பழைய கெர்னலின் ஆயுளோடு கட்டுண்டு கிடக்கும்.

நம் நாட்டுக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. திருவள்ளூரிலிருந்து தெற்கே போனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் பெரிய ஆலை ஓடியது. அதே நோக்கியாவில் லினக்ஸ் போன்களை உருவாக்கிக்கொண்டிருந்த பொறியாளர்கள் சிலர், 2011இல் நிறுவனம் விண்டோஸ் பக்கம் சாய்ந்தபின் வெளியேறி யோல்லா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய செயில்ஃபிஷ் தளத்தோடு 2016இல் இந்தியாவில் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் 5,499 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முன்பே 2014இல் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் தளத்தோடு 1,999 ரூபாய்க்கு வந்திருந்தது. 2015இல் சாம்சங் தன் டைசன் தளப் போனை இந்தியாவில்தான் முதலில் விற்றது. அடியில் எல்லாமே லினக்ஸ். எதுவும் தங்கவில்லை. அதே ஃபயர்ஃபாக்ஸ் வழிவந்த கையோஎஸ், 2017இல் ஜியோபோனாகக் கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விலை ஒரு காரணம். 2018இல் அதற்கென்றே வாட்ஸ்அப் வந்தது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சரி, ஒரு பைன்போனையோ போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஏற்றிய பழைய போனையோ எடுத்துக்கொண்டு சிப்காட்டுக்குக் கிளம்புவோம். முதல் வேலை, பேசுவது. ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதில் பேச வேண்டுமானால் வோல்டி வேண்டும். அதாவது குரலையும் டேட்டா போல 4ஜி வழியாகவே அனுப்பும் முறை. ஆண்ட்ராய்ட் போன்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் இதற்கான அமைப்பை ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். லினக்ஸ் போனில் அது போனுக்குப் போன் வேறுபடும். பைன்போனின் மோடம் வோல்டி தாங்கும், ஆனால் சிம்முக்கு ஏற்ற அமைப்பை அது தானாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், நீங்கள் கருப்புத் திரையில் கட்டளை தட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏர்டெல் போன்ற 2ஜி உள்ள சிம்மானால், வோல்டி இல்லாவிட்டாலும் அழைப்பு 2ஜிக்கு இறங்கி ஒலிக்கும். ஆகவே சிம்மைப் பார்த்துத்தான் போனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோடத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அது போனுக்குள் இருக்கும் தனிக் கணினி. அதன் அலைவரிசை நிரல் லினக்ஸ் போனிலும் மூடியதுதான். பைன்போன் மோடத்துக்குள்ளேயே ஒரு சிறு லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் ஆர்வலர்கள் திறந்த நிரலாக மாற்றி எழுதிவிட்டார்கள். டவரோடு பேசும் உள்பகுதி இன்னும் கைக்கு எட்டவில்லை. "முழுக்கத் திறந்த போன்" என்று யாராவது சொன்னால், மோடத்தைக் கழித்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சார்ஜ். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பும் வங்கியும் செய்தியும் தனித்தனியாக விழித்துக்கொண்டிருப்பதில்லை. கூகுளின் ஒரே ஓர் இணைப்பு விழித்திருக்கும், அதன் வழியாகத்தான் எல்லோருக்கும் தகவல் வரும். லினக்ஸ் போன்களில் பெரும்பாலும் அந்தப் பொது ஏற்பாடு கிடையாது. விழித்திருந்தால் பேட்டரி கரைகிறது. ஆழ்ந்து தூங்கவிட்டால் செய்தி எதுவும் வராது. அழைப்பு வந்தால் மட்டும் மோடம் முழு இயந்திரத்தையும் எழுப்பும், அது எழுந்து மணியடிக்கச் சில நொடிகள் ஆகும். பைன்போனின் பேட்டரி ஏறக்குறைய 3,000 மில்லி ஆம்பியர் மணி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு அதை நம்பிப் போக முடியாது. ஆறுதல் ஒன்று உண்டு: பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வரும், இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது டீக்கடைக்கு வருகிறோம். கேட்டுக்கு எதிரே கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது, பக்கத்தில் சவுண்ட் பாக்ஸ் "ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பத்து பதினைந்து ரூபாயில்தான் லினக்ஸ் போன் உண்மையில் முட்டி நிற்கிறது. யுபிஐ 2016இல் வந்தது. உங்கள் கணக்கை ஆப்போடு சேர்க்கும்போது, அந்த ஆப் உங்கள் சிம்மிலிருந்து தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கி அந்த எண்ணைப் பார்த்து, இந்தக் கணக்கு, இந்த சிம், இந்த போன் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போடும். அதோடு பல ஆப்கள், போன் திருத்தப்படாத, ஆலை முத்திரை கலையாத ஆண்ட்ராய்டுதானா என்று கூகுளிடமே கேட்டு உறுதிசெய்துகொள்கின்றன.

இங்கேதான் அந்தச் சேஸிஸ் உவமையும், வண்டிக்கு வாங்கும் பெர்மிட்டும் கைகொடுக்கின்றன. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆப் எழுதாததால்தான் லினக்ஸ் போனில் யுபிஐ இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம் இருக்கிறார்கள். வங்கி பெர்மிட் கொடுப்பது, அங்கீகரித்த பட்டறையில் கட்டி சீல் வைத்த பாடிக்கு மட்டும். நீங்களே கட்டிய பாடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதில் எந்த ஆணியையும் நீங்கள் கழற்றலாம் என்பதுதான் வங்கியின் பயம். உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கிற போனில், உங்களை ஏமாற்றி உள்ளே வந்தவனுக்கும் முழு அதிகாரம் கிடைத்துவிடலாம். அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். கடனுக்குப் பிச்சுப்பிடுங்கும் ஆப்களும் போலிக் கஸ்டமர் கேர்களும் நம் தொழிலாளர்களின் சம்பளத்தை எப்படிச் சுரண்டுகின்றன என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் அந்தச் சீலை வைக்கும் உரிமை இரண்டு அந்நிய நிறுவனங்களிடம் மட்டும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வேடிராய்ட் என்று ஒரு வழி சொல்வார்கள். லினக்ஸுக்குள்ளேயே ஓர் ஆண்ட்ராய்டைத் தனியாகப் பிரித்து ஓடவைக்கும் ஏற்பாடு அது. பஸ் நேரம், வரைபடம், பாட்டு போன்ற பல ஆப்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் அந்த உள் ஆண்ட்ராய்டுக்கு உங்கள் சிம் தெரியாது. ஆப் எஸ்எம்எஸ் அனுப்பப் பார்க்கும், போக வழியிருக்காது. முடிச்சு விழாது. மிஞ்சுவது, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022இல் வந்த யுபிஐ 123பே. குரல் அழைப்பு வழியாகப் பணம் அனுப்பும் முறை. சாதாரண பட்டன் போனுக்கே போதும். அவசரத்துக்கு உதவும், ஆனால் டீக்கடை வாசலில் பின்னால் ஆள் நிற்கும்போது அழைப்பு போட்டு எண் அழுத்திக்கொண்டிருக்க முடியாது. பணம் வாங்குவதில் சிக்கல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியூஆர் அட்டை அச்சடித்த காகிதம்தான், போன் அணைந்திருந்தாலும் பணம் கணக்கில் விழும்.

வாட்ஸ்அப் அடுத்த முட்டுக்கட்டை. ஷிப்ட் பட்டியலைக் கான்ட்ராக்டர் போடுவது அதில்தான். லினக்ஸ் போனில் பிரவுசர் வழியாக வாட்ஸ்அப் வெப் திறக்கலாம், ஆனால் அதற்கு முதன்மையாக ஓர் ஆண்ட்ராய்டோ ஐபோனோ வேறு எங்காவது உயிரோடு இருக்க வேண்டும். அதைப் பதினான்கு நாள் தொடாமல் விட்டால் இணைத்தவை எல்லாம் வெளியேறிவிடும். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய செயலிகள் சிம்மோடு எப்போதும் பிணைந்திருக்க வேண்டும், வெப் இணைப்புகள் ஆறு மணி நேரத்துக்கொருமுறை வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டது. மோசடியைத் தடுக்க எடுத்த நடவடிக்கை. ஆனால் பிரவுசரையே நம்பியிருப்பவர்களுக்கு வழி இன்னும் குறுகுகிறது.

என்னை இவையெல்லாவற்றையும்விட உறுத்துவது பி.எஃப். விஷயம். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்கும் ரீரோலிங் மில்களுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற ஆளும் சரி, ஆரணியாறு ஓரத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஆளும் சரி, முதல்முறை வேலைக்குச் சேர்ந்தால் பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் எண் வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல், சில விலக்குகள் தவிர, அதை அரசின் உமங் ஆப்பில் முகத்தைக் காட்டித்தான் உருவாக்க வேண்டும் என்றாகிவிட்டது. தேநீர் விலையைக் கையில் கொடுத்துவிடலாம், ரயில் டிக்கெட்டை கவுன்ட்டரில் எடுத்துவிடலாம், பி.எஃப். பாஸ்புக்கைக்கூட இணையதளத்தில் பார்த்துவிடலாம். சட்டப்படி நமக்கு உரிய சேமிப்பின் முதல் வாசலுக்கே குறிப்பிட்ட இரண்டு நிறுவனங்களின் போன் வேண்டும் என்பது, லினக்ஸ் ஆர்வலரின் தனிப்பட்ட குறை இல்லை. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் அதே கதவுதான் அடைபடுகிறது. அரசுச் சேவை எதுவானாலும் ஆப்புக்குப் பக்கத்தில் பிரவுசரில் ஒரு வழி, ஜன்னலில் ஆள் இருக்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு என்ன கிடைக்கிறது? பைன்போனின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். கேமராவுக்கு அருகில் அரிசியளவுகூட இல்லாத ஆறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், பேனா முனையால்தான் தள்ள முடியும். ஒன்று மோடத்துக்கு, ஒன்று வைஃபைக்கும் புளூடூத்துக்கும், ஒன்று மைக்குக்கு, இரண்டு கேமராக்களுக்கு ஆளுக்கொன்று, கடைசி ஹெட்போன் துளைக்கு. தள்ளினால் அந்த உறுப்புக்கு இணைப்பே போய்விடும், எந்த நிரலும் அதை மறுபடி எழுப்ப முடியாது. ஆலை கேட்டில் செக்யூரிட்டி நம் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்களே, அவர்கள் நிஜமாகத் தேடுவது இந்த உறுதியைத்தான். ஆனால் சுவிட்சைக் காட்டி விளக்கினாலும் ஸ்டிக்கர் ஒட்டத்தான் செய்வார்கள், அது அவர்கள் வேலை.

அதைவிடப் பெரிய லாபம் ஆயுள். 2018 ஆகஸ்டில் இந்தியாவில் 20,999 ரூபாய்க்கு வந்த போக்கோ எஃப்1 நினைவிருக்கிறதா? தயாரித்தவர் எப்போதோ அப்டேட்டை நிறுத்திவிட்டார். அதன் சிப்புக்கான ஆதரவை ஆர்வலர்கள் உலகப் பொதுவான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், இன்றும் அதில் புதிய கெர்னல் ஏற்றலாம், பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. கேமராவை எண்ணி அதை வாங்காதீர்கள். ஆனால் திரையும் வைஃபையும் வேகமும் கற்றுக்கொள்ளும் வேலைக்குப் போதும். கீபோர்டை இணைத்து நிரல் எழுதலாம், ஆலையின் இன்னொரு கணினிக்குள் நுழைந்து லாக் பார்க்கலாம், சென்சார் எண்களை வாங்கிப் பைத்தானில் வரைபடம் போடலாம். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைக்கு இதைவிட மலிவான பட்டறை கிடையாது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. நிரல் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், உளவு பார்க்கும் விளம்பரக் கூட்டம் இல்லை, இதெல்லாம் உண்மை. ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் கோப்பை எட்டிப் பார்க்க முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி வேலி உண்டு. சாதாரண லினக்ஸில் நீங்கள் ஏற்றிய நிரல் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் படிக்கலாம். உபுண்டு டச் இதில் கொஞ்சம் கண்டிப்பானது, மற்றவை தளர்வானவை. யார் தந்த நிரலை ஏற்றுகிறோம் என்ற கவனம் உங்கள் பொறுப்பாகிறது.

ஆகவே, வீட்டுக்கே ஒரே போன், அதில்தான் சம்பளமும் ஓடிபியும் என்றிருப்பவரிடம் லினக்ஸ் போனுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். இழப்பு உடனே வரும், லாபம் மெதுவாகத்தான் வரும். இரண்டாவது போன் வைக்க முடிந்தவருக்கு, அதிலும் கணினித் துறையில் காலூன்ற நினைப்பவருக்கு, தாராளமாகச் சொல்வேன்.

தொடங்குவதானால் பைன்போனை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சுங்கம் கட்ட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் பழைய போக்கோ எஃப்1 ஒன்றைத் தேடுங்கள். வாங்குமுன் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பட்டியலில் எது ஓடும், எது ஓடாது என்று வரிக்கு வரி படியுங்கள். வேறு தளத்தை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அந்தப் பூட்டைத் திறக்கத் தயாரிப்பாளர் சில நாள் காத்திருக்கவும் சொல்வார். சிக்கினால் கேட்பதற்கு காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, விழுப்புரத்திலும் சென்னையிலும் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்கலாம். வங்கியோடு இணைந்த சிம்மை அதில் போடாதீர்கள். முதல் சில வாரம் வைஃபையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். காலை ஷிப்டுக்கான அலாரம், போன் ஆழ்ந்து தூங்கும்போதும் அடிக்கிறதா என்று லீவு நாளில் சோதித்துப் பாருங்கள், அதுவரை அலாரத்தை இப்போதைய போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.